நாயன நாடாக்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க புளூஸ் கிதார் கலைஞர் மடி வாட்டர்ஸின் அரிய ஒலிப்பதிவுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர் மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1993இல், முழுத் தொகுப்பாக வெளிவந்த அந்தப் பதிவுகளின் இசைச் சிறப்பைக் கட்டுரையாளர் நன்றாகவே எடுத்துரைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தொகுப்பு இன்றளவும் மதிக்கப்படுவதற்கான முக்கியமான காரணம் ஒன்று, பாட்டுகளோடு சேர்த்துப் பதிவான உரையாடல்கள், கட்டுரையில் இடம்பெறவில்லை. காவிரிக் கரையில் நாகஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் காரணமே பெரிதாகப் படுகிறது; நம் ஊர்களில் பழைய நாகஸ்வரக் கச்சேரி ஒலிநாடாக்களை விவரங்களோடு காப்பாற்றும் வேலைக்கும், அதைத் தள்ளிப்போடாமல் செய்ய, அது வழி காட்டுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1941 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் நாட்டுப்புற இசையைப் பதிவு செய்துவந்த ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசை அறிஞர் ஜான் வொர்க்கும் மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோவால் பருத்திப் பண்ணைக்குச் சென்றார்கள். மெக்கின்லி மார்கன்ஃபீல்டு என்பது மடி வாட்டர்ஸின் இயற்பெயர். அப்போது அவர் அந்தப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியுலகம் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் குடியிருந்த வீட்டிலேயே கருவியை வைத்துப் பதிவு செய்தார்கள். புட்டியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின்மேல் வழுக்கிச் செல்லும் அவருடைய வாசிப்பு, திருவிடைமருதூர் சகாராம ராவ் போன்றோரால் நம் பகுதியில் பெருமை பெற்ற, கம்பியின்மேல் கட்டையை வழுக்கி வாசிக்கும் கோட்டுவாத்தியத்தின் இழைவை அறிந்த செவிக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பதிவுக்கு ஈடாக அவருக்குக் கிடைத்தவை இரண்டு இசைத்தட்டுகளும் 20 டாலர் காசோலையும். 1943இல் அவர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, மின்சார கிதாரில் வாசித்து, உலகப் புகழ் பெற்றதெல்லாம் பிற்பாடு நடந்தவை.

அந்தத் தொகுப்பில் பாட்டுகளுக்கு இணையாக நான் மதிப்பவை இடையிடையே வரும் உரையாடல்கள். பாடி முடித்ததும், அந்தப் பாட்டு எப்போது உருவானது என்று லோமாக்ஸ் கேட்கிறார். 1938இல் ஒரு காரின் பஞ்சரைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மனத்தில் தோன்றியது என்று மடி வாட்டர்ஸ் பதில் சொல்கிறார். மெட்டு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பருத்திக் காட்டைச் சொல்கிறார். தனக்கு வழிகாட்டிய சன் ஹவுஸைச் சொல்கிறார். அதே மெட்டில் இசைத்தட்டு வெளியிட்டிருந்த ராபர்ட் ஜான்சனையும் சொல்கிறார். சில நிமிடப் பேச்சில் ஒரு குருபரம்பரையே தெரிந்துவிடுகிறது. வெளியிட்டவர்கள் பாட்டு மட்டும் போதும் என்று அந்தப் பேச்சை வெட்டியிருந்தால், பின்னால் வந்தவர்கள் அதை ஊகித்து ஊகித்துச் சண்டையிட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதே பதிவுகளின் வரலாற்றில் ஓர் அநியாயமும் இருக்கிறது. அந்த ஆய்வில் சரிபாதிப் பங்கு வகித்த ஜான் வொர்க்கின் பெயர் நெடுங்காலம் பேசப்படவே இல்லை; எல்லாப் பெருமையும் லோமாக்ஸுக்கே போயிற்று. வொர்க்கும் அவருடைய ஃபிஸ்க் பல்கலைக்கழகத் தோழர்கள் இருவரும் எழுதிய, காணாமற்போயிருந்த ஆய்வுப் பிரதிகள் 2005இல்தான் நூலாக வந்தன. வாசித்தவர் யார் என்பதைப் போலவே பதிவு செய்தவர் யார் என்பதையும் அன்றன்றே எழுதி வைக்காவிட்டால், பிறகு அதை மீட்க அறுபது ஆண்டுகள் ஆகும்.

இனி நம் பக்கத்தைப் பார்க்கலாம். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். இராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் மறைந்தார். அவர் தோடி இராகத்தை விரித்து வாசித்ததை நேரில் கேட்ட தலைமுறை ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக இடம் தந்த 78 சுழற்சி இசைத்தட்டுகளும், வானொலி வழியாகவும் தனியார் வழியாகவும் தப்பிப் பிழைத்த சில பதிவுகளுமே நமக்கு எஞ்சியுள்ளன. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதற்கும் முன்பே, 1949இல், காலமாகிவிட்டார். அவர்கள் காலத்துக்கு இனி நாம் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனால் ஸ்பூல் டேப்பும் அதன்பின் கேசட்டும் புழக்கத்துக்கு வந்த பிறகு வாசித்தவர்களின் நிலை வேறு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் நடந்த மேளக் கச்சேரிகளை இரசிகர்களும், கலைஞர்களின் சீடர்களும், மைக் செட் போட்டவர்களும் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். எந்த நிறுவனமும் திட்டமிட்டுச் செய்த வேலை அன்று, ஆசையினால் செய்தது. அந்த நாடாக்கள் பரணிலும், பீரோவின் அடித்தட்டிலும், பழைய பிஸ்கட் டப்பாக்களிலும் கிடக்கின்றன. அவற்றில் இருக்கும், சுவாமி புறப்பாட்டில் வாசிக்கும் மல்லாரியும், நாகஸ்வரத்துக்கே உரிய ரக்தியும், நள்ளிரவுக்கு மேல் வீதியில் நின்று வாசித்த இராக ஆலாபனையும் சபா மேடைப் பதிவுகளில் கிடைக்காதவை.

இவற்றுள் ஒரு பகுதி அண்மைக் காலத்தில் இணையத்தில் ஏற்றப்பட்டுவருவது மகிழ்ச்சிக்குரியது. ஏற்றுபவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் பல பதிவுகளில் நாகஸ்வர வித்வானின் பெயரும் இராகத்தின் பெயரும் மட்டுமே இருக்கின்றன. எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்ற விவரம் இல்லை. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது தவில்காரரின் பெயர் விடுபடுவதுதான். அரை மணி நேரம் தனி வாசித்து, கூட்டத்தை எழவிடாமல் கட்டிப்போட்ட ஒரு கலைஞன் பெயரில்லாதவனாகப் போய்விடுகிறான். இரண்டு தவில் வைத்து வாசித்த கச்சேரியில் ஸ்பெஷல் தவிலாக அழைக்கப்பட்டவர் யார், மற்றவர் யார் என்பதைக் கேட்டவுடன் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1975இல் மறைந்தவர். அவர் கையின் நாதத்தை நேரில் கேட்டு நினைவில் வைத்திருப்பவர்களின் வயதை எண்ணிப் பார்த்தால் நமக்கு எவ்வளவு குறைந்த அவகாசம் இருக்கிறது என்பது விளங்கும்.

பெயரை அடுத்து வேகம். ராபர்ட் ஜான்சன் 1936, 1937ஆம் ஆண்டுகளில் பதிவு செய்தவை 29 பாட்டுகள் மட்டுமே. அவர் 1938இல், 27 வயதில், இறந்தார். அந்தப் பதிவுகள் சரியான வேகத்தில்தான் வெளியிடப்பட்டனவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டியதில்லை, ஏனெனில் நம் இசையிலேயே அளவுகோல் இருக்கிறது. திருவிழாவில் பேட்டரியில் ஓடிய டேப் ரிக்கார்டர், பேட்டரி இறங்க இறங்க மெதுவாகச் சுற்றியிருக்கும். அப்படிப் பதிவானதைச் சரியான வேகத்தில் ஓடும் கருவியில் போட்டால் வாசிப்பு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும்; இரண்டரைக் கட்டைச் சுருதியில் வாசித்த, பாரி என்னும் நீண்ட நாகஸ்வரம் மூன்று கட்டைக்கு மேல் போய் நிற்கும். அந்த வித்வான் எந்தச் சுருதியில் வாசிப்பவர், அவர் வைத்திருந்தது பாரியா, சுருதி கூடிய குட்டையான திமிரியா என்பதை அவருடைய வீட்டாரிடமோ சீடரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டால் வேகத்தைத் திருத்திவிடலாம். மின் இணைப்பில் பதிவான நாடாக்களில் அடியில் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் முனகலும் இதற்கு உதவும். இதைச் செய்யாமல் வெளியிட்டால், இந்த வித்வான் மிக விரைவாக வாசிப்பவர் என்ற பொய்யான எண்ணம் இளைய மாணவர்களிடம் நிலைத்துவிடும்.

ஜான்சனின் தொகுப்பு 1990இல் வெளிவந்தபோது, ஒரே பாட்டை அவர் இரண்டாம் முறை பாடிப் பதிந்தவற்றையும் விடாமல் சேர்த்தார்கள். அதுவும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. இங்கோ, தோடி ஏற்கெனவே இருக்கிறதே, கரகரப்பிரியா ஏற்கெனவே இருக்கிறதே என்று நாடாவை ஒதுக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். கற்பனையே உயிரான இசையில் ஒரே இராகத்தின் இரு பதிவுகள் ஒன்றின் நகல் மற்றொன்று ஆகா.

இரைச்சலை நீக்குவதாகச் சொல்லி, வீதியின் ஓசையைத் துடைத்தெறிவதும் கூடாது. சுவாமியைத் தோளில் தூக்கியவர்களின் குரலும், நடுவில் ஒரு பெரியவர் சொல்லும் ஆகா என்ற சொல்லும், வாசித்து நிறுத்திய இடைவெளியில் வித்வான் தவில்காரரிடம் சொல்லும் வார்த்தையும் அந்தக் கச்சேரியைச் சேர்ந்தவையே. நாகஸ்வரத்தின் மேல்ஸ்தாயி நாதத்தையும் தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் ஓசையையும் இரைச்சலோடு சேர்த்து மழுங்கடித்த வெளியீடுகளைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. கேட்பதற்கு இதமாக ஒரு பிரதி தேவையென்றால் தனியாகச் செய்துகொள்ளலாம். மூலப் பிரதி எதையும் கூட்டாமல் குறைக்காமல், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்க வேண்டும். சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு நாடாவைத் தூக்கி எறிவது பேரிழப்பு.

நாடா வைத்திருப்பவர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரம் நம் பகுதியில் ஒலிநாடாவுக்குப் பெரிய எதிரி. வெள்ளைப் பொடிபோலப் பூஞ்சை தெரிந்தால் அதை எந்தக் கருவியிலும் போட வேண்டாம். கருவியும் கெடும், அடுத்து ஓடும் நாடாவுக்கும் பூஞ்சை தொற்றும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும் ஸ்பூல்களைப் பிரித்துத் தனியே வைக்க வேண்டும், ஏனெனில் அந்தச் சிதைவு அருகிலிருப்பவற்றையும் விரைவுபடுத்தும். ஓடும்போது ஒட்டிக்கொண்டு கீச்சிடும் நாடாவை வலிந்து இழுக்கக் கூடாது. அதை மிதமான சூட்டில் பதப்படுத்தி ஒருமுறை ஓடவைக்கத் தெரிந்தவர்களிடம் தர வேண்டும். உறையின்மேல் எழுதியிருப்பது எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் அதைக் கிழிக்காமல் படமெடுத்து வைக்க வேண்டும்.

உரிமை பற்றியும் தெளிவு வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டம் கலைஞரின் நிகழ்த்துரிமையை 50 ஆண்டுகளுக்குப் பாதுகாக்கிறது.  ராபர்ட் ஜான்சனின் மகன் ஜல்லி லாரி ஓட்டிப் பிழைத்தவர். அவரே வாரிசு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1998இல், தந்தை இறந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகு. நம் நாகஸ்வர, தவில் குடும்பங்கள் பலவற்றின் பொருளாதார நிலை இரசிகர்கள் அறியாததன்று. அவர்களைக் கேட்காமல், அவர்களுக்குப் பங்கில்லாமல், அவர்கள் தந்தையின் வாசிப்பை யாரும் விற்கக் கூடாது. வேறு வாத்தியமே தெரியாமல் அதற்காகவே வாழ்ந்து மறைந்தவர்களுக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், திருவையாறு அரசு இசைக் கல்லூரியும், தென்னகப் பண்பாட்டு மையமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இவை மூன்றும் சேர்ந்து, நாடாக்களைக் குடும்பத்தாரிடமிருந்து வாங்கிக்கொண்டு போகாமல், பதிவுக் கருவியோடு அவரவர் வீட்டுக்கே சென்று படியெடுத்து, மூலத்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுத்தால் திரும்பி வருமா என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. படியெடுக்கும் வேளையிலேயே வீட்டிலிருக்கும் மூத்தவரை அருகில் அமர்த்தி, கச்சேரி எங்கே நடந்தது, யார் யார் வாசித்தார்கள், தாளம் போட்டவர் யார், பதிவு செய்தவர் யார் என்று கேட்டு அவருடைய குரலிலேயே பதிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழ் இதற்கு உதவ முடியும். தஞ்சாவூர், திருச்சி பதிப்புகளில் வாரத்துக்கு ஒரு நாடாவைப் பற்றிய சிறு குறிப்பை, அறியப்படாத பெயர்களைக் குறிப்பிட்டு வெளியிட்டால், அவற்றை அடையாளம் காணக்கூடிய வாசகர்கள் நிச்சயமாக எழுதுவார்கள். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு நாகஸ்வர, தவில் வித்வான்கள் பெருமளவில் கூடுகிறார்கள். அந்த நாட்களில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, பெயர் தெரியாத பதிவுகளை அவர்கள் முன்னிலையில் ஒலிக்கச் செய்து, அடையாளம் சொன்னவரின் பெயரோடும் தேதியோடும் அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் ஏற்பாட்டை வரும் ஆராதனையிலேயே தொடங்கலாம்.

இங்ஙனம்,
நாகஸ்வர இரசிகர் ஒருவர்,
ஆடுதுறை.