மலரில் இருக்கும் வரலாறு

அன்புள்ள ரவி,

நலம்தானே? இங்கே டிசம்பர் மழை விட்டபாடில்லை. கோயில் வரலாற்று வரைவைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. ஆதாரங்களில்தான் உன்னோடு கொஞ்சம் வழக்கு.

கும்பாபிஷேக மலரை மொத்தமாக முதன்மை ஆதாரம், அதாவது நேரடிச் சான்று, என்று போட்டிருக்கிறாய். 1980களில் அச்சான மலரில் வரும் 'கோயில் தோன்றிய வரலாறு', நூறாண்டு முந்தைய சங்கதியைக் கேட்டு எழுதியது. அது இரண்டாம் நிலைதான். அதே மலரின் நன்கொடையாளர் பட்டியலும் நிர்வாகக் குழுப் பெயர்களும், ஏன், பின்னட்டை நகைக்கடை விளம்பரமும்கூட 1980களுக்கு முதன்மை ஆதாரம். நாம் கேட்கும் கேள்வி மாறினால் தரமும் மாறும்.

மூன்று நூல்கள் ஒரே ஆண்டைச் சொல்கின்றன என்று நிம்மதியாக எழுதியிருக்கிறாய். அவற்றின் அடிக்குறிப்பைப் பார். மூன்றும் அந்த மலரையே காட்டினால் உன்னிடம் இருப்பது ஒரே சாட்சி.

1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு இதழ் அன்றைய சீர்திருத்தப் பேச்சுக்கு முதன்மை. 1819இல் ராஃபிள்ஸோடு நாராயண பிள்ளை சிங்கப்பூருக்கு வந்ததைப் பற்றி அதில் கட்டுரை வந்தால், அந்த வருகைக்கு அது முதன்மை ஆகாது. செய்தியில் 'நேற்று' என்றிருந்தால் இதழின் தேதியில் ஒரு நாளைக் கழி. வெளியூர்க் கடிதமாக இருந்தால் கடிதத்தின் தலைப்பிலுள்ள தேதியிலிருந்து கழிக்க வேண்டும். இணையக் காப்பகத்தில் சொல்லைத் தட்டிப் பார்த்து 'செய்தியே இல்லை' என்று முடிவுகட்டாதே. துதிக்கை வைத்த பழைய லை, னை எழுத்துகளில் தேடல் தடுமாறும். மங்கிய மைக்ரோஃபிலிம் பக்கங்களில் இன்னும் மோசம். தேதியைப் பிடித்து, முன்னும் பின்னும் ஒரு வாரம் பக்கம் பக்கமாகப் புரட்டு.

ஜப்பானியர் காலத் தாளில் 2603 என்றிருந்தால் அச்சுப்பிழை என்று திருத்திவிடாதே, அது ஜப்பானிய ஆண்டுக் கணக்கு; நம் கணக்கில் 1943. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் 1980களில் தந்த வாய்மொழிப் பதிவுகளும் முதன்மைதான். ஆனால் இடையில் நாற்பது ஆண்டு ஓடியிருக்கிறது. 'பார்த்தேன்' என்பதையும் 'சொன்னார்கள்' என்பதையும் தனித்தனியே குறித்துக்கொள். எழுத்துப்படியோடு நிற்காமல் ஒலிப்பதிவையும் கேள். தயக்கமும் இழுவையும் தாளில் வராது.

பழைய கூட்டக் குறிப்பேடு ஒன்று கோயில் அலுவலகத்தில் இருப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படமெடுத்து அனுப்பு. அட்டையையும் கையெழுத்துப் பக்கத்தையும் விட்டுவிடாதே. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகர்