லைசென்ஸ் காசு கட்டுவோம். கட்ட மறந்தவளைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கே பிரித்தானியாவில் ரீவி பார்க்கிற வீடுகள் வருடாவருடம் கட்டுகிற லைசென்ஸ் காசில்தான் பி.பி.சி. பெரும்பாலும் ஓடுகிறது. பார்க்காத பி.பி.சி.க்கு நாங்கள் ஏன் அந்தக் காசைக் கட்ட வேண்டும் என்று கடந்த இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லண்டனில் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் அந்தியேட்டி வீட்டுக்குப் போனாலும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்கிறார். இருபத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இம்முறை பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வாசகர் எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் வழக்கில் மாட்டுகிறார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரீவி லைசென்ஸ் பி.பி.சி. பார்ப்பதற்கு மட்டும் உரியதல்ல. எந்த நாட்டு, எந்த மொழிச் சேனலாக இருந்தாலும் அது ஒளிபரப்பாகிற நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். இணையப் பெட்டி பூட்டிச் சென்னைச் சேனலின் சீரியலை நேரலையாகப் பார்க்கிற வீட்டுக்கும் வேண்டும். பி.பி.சி.யின் இணையத் தளமான ஐபிளேயரில் எதைப் பார்ப்பதென்றாலும் 2016 செப்டெம்பரிலிருந்து வேண்டும். நேரலை எதுவும் பார்க்காமல், ஐபிளேயரையும் தொடாமல், நெட்பிளிக்ஸில் படமும் யூடியூப்பில் பழைய வீடியோவும் மட்டும் பார்க்கிற வீட்டுக்குத்தான் தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் தங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று முறைப்படி அறிவித்துவிடலாம்.

நான் காசு கட்டுகிறவள், விரும்பியே கட்டுகிறேன். 2025 ஏப்ரலில் வருடக் கட்டணம் 174.50 பவுணாக ஏறியபோதும் எனக்கு மனம் கசக்கவில்லை.

காரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. 1990க்குப் பிறகு எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. அப்பா சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் பூட்டுவார். அண்ணாவுக்குப் பெடல் சுற்றுகிற வேலை. கை தளர்ந்தால் ரேடியோவின் சத்தமும் கம்மிப்போகும், முற்றத்தில் இருக்கிற அயலட்டைச் சனம் "சுத்தடா தம்பி, சுத்தடா" என்று அவசரப்படுத்தும். இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசை. பத்து மைல் தள்ளி எங்கே குண்டு விழுந்தது என்பதை லண்டனிலிருந்து வருகிற குரலில்தான் தெரிந்துகொண்டோம். அவர்கள் சொன்னதையெல்லாம் எல்லோரும் ஏற்றுக்கொண்டோம் என்றில்லை, முற்றத்தில் வாக்குவாதமே நடக்கும். ஆனால் கேட்காமல் படுக்கப் போனவர் ஒருவரும் இல்லை.

அந்தக் காலத்தில், தமிழோசை போன்ற ஒலிபரப்புகளை நடத்துகிற பி.பி.சி. உலக சேவைக்கான பணம் பிரித்தானிய வெளியுறவு அமைச்சின் மானியமாக வந்தது, லைசென்ஸ் காசிலிருந்து அல்ல. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில்தான் அந்தச் செலவு லைசென்ஸ் கட்டுகிறவர்கள் பக்கம் வந்தது. பிறகு 2016இலிருந்து அரசும் ஒரு பங்கு தருகிறது. 1941இல் தொடங்கிய தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017இல் நின்றுவிட்டது, இணையத்தில் தமிழ்ச் செய்தி தொடர்கிறது. 'எங்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?' என்று கேட்கிற அன்பர் தன் போனில் பி.பி.சி. தமிழ் படிக்கிறவராக இருந்தால் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழ் என்றொரு மொழி இருப்பதையே அறியாத யாரோ ஒரு யோர்க்ஷயர் மூதாட்டியும் அதற்குக் காசு கட்டுகிறார்.

இவ்வளவு சொல்லுகிற நானே இந்தச் சட்டத்தின் ஒரு பகுதியை எதிர்க்கிறேன். காசு கட்டாமல் நேரலை பார்ப்பது இங்கே கடன் அல்ல, குற்றம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு இளம் குடும்பம் இருந்தது. கணவர் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்துவிட்டுப் பகலில் நித்திரை கொள்வார். வாசல் மணி அடித்தபோது கைக்குழந்தையோடு கதவைத் திறந்தவள் மனைவி. உள்ளே ரீவி ஓடிக்கொண்டிருந்தது. வந்த லைசென்ஸ் பரிசோதகர் கேட்டதற்கெல்லாம் உண்மையைச் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள். பிறகு வந்த கடிதம், ஏற்கெனவே வந்து குவிந்திருந்த நினைவூட்டல் கடிதங்களில் ஒன்று என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டாள். அது வழக்கு அறிவித்தல். பதில் சொல்ல 21 நாள் இருந்தது. அடுத்த கடிதத்தில் தண்டப்பணம், வழக்குச் செலவு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குற்றவாளி என்று தீர்ப்பு. கணவர் பெயரில் அல்ல, அவள் பெயரில். கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். வாசித்து முடித்ததும் கேட்டாள்: "அக்கா, நான் என்ன களவே எடுத்தனான்?" குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருந்தவள். அதில் இதை எழுத வேண்டி வருமோ என்று இரவிரவாக அழுதிருக்கிறாள்.

இப்படி நடந்தது அவள் ஒருத்திக்கு மட்டுமல்ல. லைசென்ஸ் வழக்குகளில் குற்றவாளியாகத் தீர்க்கப்படுகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெண்கள்தான் அதிகம் ஏய்க்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பகலில் வீட்டில் இருப்பதும், மணி அடித்தால் கதவைத் திறப்பதும், கேட்டால் பதில் சொல்வதும் பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டில் நாலு பேர் ரீவி பார்த்தாலும் வழக்கு கதவு திறந்தவள் தலையில் விழுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வழக்குகளைப் பெரும்பாலும் ஒரே ஒரு நீதவான் காகிதத்தைப் பார்த்துத் தீர்க்கிறார். பிரதிவாதி முன்னால் நிற்பதில்லை. அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியுமா, கைக்குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் அவளாக எழுதி அனுப்பினால்தான் அவருக்குத் தெரியும். தண்டம் 1,000 பவுண் வரை போகலாம். ரீவி பார்த்ததற்காகச் சிறை இல்லை என்பது உண்மை, ஆனால் அந்தத் தண்டத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டால் சிறைக்கும் வழி இருக்கிறது.

குற்றம் என்ற நிலை இருக்கட்டும் என்பவர்களின் வாதத்தையும் படித்திருக்கிறேன். 2015இல் டேவிட் பெரி என்ற வழக்கறிஞர் அரசுக்காக ஆராய்ந்து, இப்போதைய முறையே தொடரட்டும் என்று பரிந்துரைத்தார். 2020இல் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டபோது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதினார்கள், ஆனாலும் அடுத்த வருடம் 'இப்போதைக்கு மாற்றம் இல்லை' என்றே பதில் வந்தது. பயம் போனால் ஆட்கள் கட்டமாட்டார்கள், கட்டுகிறவர்கள் தலையில் சுமை ஏறும் என்பது அவர்களின் கவலை. ஏறக்குறைய 2 கோடி 40 இலட்சம் லைசென்ஸில் ஓடுகிற நிறுவனத்துக்கு அது சின்னக் கவலை அல்ல. ஆனால் தண்ணீர்க் கட்டணம் கட்டாவிட்டால் இந்த நாட்டில் அது கடன். வீட்டுத் தண்ணீரை வெட்டவும் சட்டம் விடாது. உயிர் வாழத் தேவையான தண்ணீருக்குக் கடனாளி, ரீவிக்குக் குற்றவாளி என்பது எனக்கு எந்த நியாயத்திலும் பொருந்தவில்லை.

என் தம்பி சுவிற்சர்லாந்தில் இருக்கிறான். அங்கே கட்டணம் இங்கேயிருப்பதைவிட அதிகம். 2018 மார்ச்சில் அதை ஒழித்துவிடலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள், நூற்றுக்கு 71 பேருக்கு மேல் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். இப்போது அங்கே வீட்டுக்கு ஒரு பில் வருகிறது. கட்டாவிட்டால் மற்றக் கடனைப்போலவே அதையும் வசூலிக்கிறார்கள். காசு கட்டுகிற மனம் தண்டனைப் பயத்தால்தான் வரும் என்பதை இதனால்தான் நான் நம்பவில்லை.

வயதானவர்கள் பற்றியும் ஒன்று. 75 தாண்டிய எல்லோருக்கும் இலவசம் என்பது 2020 ஓகஸ்டோடு போய்விட்டது. இப்போது அந்த வயதில் பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி எடுக்கிறவர்களுக்கு மட்டும்தான், அதையும் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பார்வை இழந்தவர் என்று பதிவானவருக்குப் பாதிக் கட்டணம். உங்கள் அம்மா, அப்பாவின் கடிதங்களை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பி.பி.சி. எப்படி இயங்க வேண்டும் என்று வகுக்கிற அதன் சாசனம் 2027 டிசெம்பர் 31இல் முடிகிறது. புதிய சாசனம் எழுதப்படும்போது இந்தக் குற்றப்பிரிவை நீக்கிக் கடனாக மாற்றும்படி எங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதியிருக்கிறேன். மற்ற வாசகர்களும் எழுத வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். எதற்கு லைசென்ஸ் வேண்டும், எதற்கு வேண்டாம், மாதத் தவணையில் எப்படிக் கட்டலாம், வழக்கு அறிவித்தல் வந்தால் அந்த 21 நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் தமிழில் போடுங்கள். நானே எழுதித் தருகிறேன். எந்த வரி விளங்கவில்லை என்று பார்த்துச் சொல்ல வழக்கில் மாட்டிய அந்தத் தங்கச்சி சம்மதித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹரோ, லண்டன்