பழைய போனிலும் திறக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரத்ததானப் பட்டியல், வெள்ள நிவாரணப் பதிவு, ஊர் நூலக அட்டவணை என்று தன்னார்வலர்கள் உருவாக்கித் தரும் இணையச் செயலிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் உழைப்பை நன்றாகவே சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் செயலிகள் எந்த போனில் திறக்கும், எதில் திறக்காது என்பதைக் கட்டுரை தொடவில்லை. உதவி கேட்பவர் கையில் பழைய போன் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

‘பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்’ என்று ஒரு வரி போட்டால் போதும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அப்டேட் ஓர் இடத்தில் நின்றுவிடும். ஆண்ட்ராய்டு 6 போனில் குரோம் பிரவுசர் 106-ஆம் பதிப்பைத் தாண்டாது. ஆண்ட்ராய்டு 7-இல் 119-தான் எல்லை. விண்டோஸ் 7 கணினியில் 109-தான் கடைசி. ஐபோன் 7-க்கு அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 15-உடன் முடிந்தது. ஐபோனின் சொந்த பிரவுசரான சஃபாரியும் அதோடு நின்றது. ‘அப்படியானால் ஐபோனில் குரோம் போட்டுக்கொள்ளுங்கள்’ என்பதும் உதவாது. நம் ஊரில் ஐபோனில் ஓடும் குரோம், பயர்பாக்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது சஃபாரியின் வெப்கிட் என்ஜின்தான்.

பழைய போனில் செயலிக்குப் பதில் வெறும் வெள்ளைத் திரை ஏன் வருகிறது? செயலியை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் கோப்பில் பிரவுசருக்குப் புரியாத இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் போதும், கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். ஒரு வரிகூட ஓடாது. ‘?.’ என்ற குறி குரோம் 80-இலும் ஐஓஎஸ் 13.4-இலும்தான் வந்தது. இதை, நிரலை வெளியீட்டுக்குத் தயார் செய்யும் பில்ட் கருவி பழைய வடிவுக்கு மாற்றித் தந்துவிடும். ஆனால் எழுத்துகளின் அமைப்பைச் சரிபார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் வரும் ‘(?<=’ என்பதை மாற்றித் தராது. சஃபாரி அதை ஏற்றது 16.4-இல், அதாவது மார்ச் 2023-இல். போன் எண்ணைச் சரிபார்க்க எங்கோ அதை ஒரு முறை எழுதியிருந்தால், ஐபோன் 7-இல் செயலி மொத்தமும் படுத்துவிடும்.

இந்த இடத்தில் ‘நோஸ்கிரிப்ட்’ பகுதியை நம்பியிருப்பவர்கள் ஏமாறுவார்கள். ஜாவாஸ்கிரிப்ட் அணைத்து வைக்கப்பட்டிருந்தால்தான் அது தெரியும். ஓடத் தொடங்கி உடைந்தால் தெரியாது. பக்கத்தில் செயலி வந்து அமர்வதற்காக விட்டிருக்கும் வெற்றுப் பெட்டிக்குள்ளேயே உதவி எண்ணையும் சாதாரண எச்டிஎம்எல் படிவத்தையும் எழுதி வையுங்கள். நிரல் ஓடினால் அதுவே அவற்றை நீக்கிக்கொள்ளட்டும். ஓடாவிட்டால் படிவம் நேராக சர்வருக்குப் போகும். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி வெகுநாளாக இந்த வழியில்தான் போகிறது. பிரவுசருக்கு இன்ன வசதி இருக்கிறதா என்று முதலில் சோதிக்கும். இல்லையென்றால் ஜாவாஸ்கிரிப்டையே அனுப்பாமல் பக்கத்தை மட்டும் கொடுக்கும். படிக்கலாம், சாதாரணப் பெட்டியில் திருத்தவும் செய்யலாம்.

பில்ட் கருவியின் இயல்பு அமைப்பையும் பார்க்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் வீட் (Vite) என்ற பில்ட் கருவி, 2025-இல் வந்த 7-ஆம் பதிப்பில் தன் குறைந்தபட்ச எல்லையை குரோம் 87-இலிருந்து 107-க்கும், சஃபாரி 14-இலிருந்து 16-க்கும் உயர்த்திவிட்டது. ஆண்ட்ராய்டு 6 நிற்பது 106-இல். பதிப்பை உயர்த்தியவர் நிரலில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமலே அந்த போன்களை வெளியே விட்டிருக்கக்கூடும். எல்லையை அமைப்புக் கோப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அப்போதும் மாறுவது இலக்கணம் மட்டுமே; பிரவுசரோடு வரும் புதிய செயற்கூறுகள் (தயார்நிலைக் கட்டளைகள்) தாமாக வந்து சேராது. வரிசைப்படுத்தும் ‘டுசார்ட்டட்’ குரோம் 110-இல் வந்தது, விண்டோஸ் 7 நிற்பதோ 109-இல். இதற்கு கோர்ஜேஎஸ் போன்ற, இல்லாத வசதியை ஈடுசெய்யும் பாலிஃபில் நிரலைத் தனியே சேர்க்க வேண்டும், அல்லது பழைய ‘சார்ட்’டையே பட்டியலின் நகல் ஒன்றின் மேல் ஓட்டலாம்.

தமிழ் உள்ளீட்டில் வேறொரு சிக்கல். ஆண்ட்ராய்டு கீபோர்டுகளில் சொல்லைத் தட்டும்போது, எந்த விசையை அழுத்தினாலும் பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்தான் பிரவுசருக்கு வரும். விசை எண்ணை வைத்து வேலை செய்யும் தேடல் பெட்டி அங்கே ஊமையாகிவிடும். பெட்டியில் உள்ள எழுத்து மாறும்போது வரும் ‘இன்புட்’ நிகழ்வைக் கேட்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கீபோர்டு அதன் உயிர்க்குறியை ஒரே யூனிகோட் குறியாகத் தரும். இன்னொன்று ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. கொளத்தூர் என்று பதிந்தவர், கொளத்தூர் என்று தேடுபவருக்குக் கிடைக்காமல் போவது இப்படித்தான். சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘நார்மலைஸ்’ செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றினால், சரியாகிவிடும். ‘கௌ’வில் கடைசிக் குறிக்குப் பதில் ‘ள’ என்ற எழுத்தையே தட்டியிருந்தால் மட்டும் நார்மலைஸ் காப்பாற்றாது. அதற்குத் தனி விதி எழுத வேண்டும்.

களத்தில் நெட் இல்லாமல் கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச்சில் வந்த சஃபாரி 13.1 முதல், ஒரு தளத்தைத் தொடாமல் 7 நாள் சஃபாரியைப் பயன்படுத்தினால், அந்தத் தளத்தின் நிரல் போனில் சேமித்த தரவை சஃபாரி அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்த விதி பொருந்தாது. ஆகவே முதல் நாளே முகப்புத் திரையில் சேர்க்கச் சொல்லுங்கள். நெட் கிடைத்த உடனே சர்வருக்கு அனுப்பும்படியும் எழுதுங்கள்.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. பிளேரைட் என்ற இலவசக் கருவியில் குரோமியம், பயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றும் உண்டு. ஆனால் அதிலுள்ள வெப்கிட் புதியது, ஐபோன் 7-இன் நிலையை அது காட்டாது. குழுவில் யார் வீட்டு மேசை அறையிலாவது கிடக்கும் ஒரு ஆண்ட்ராய்டு 6 போனும் ஒரு பழைய ஐபோனும் வேண்டும். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்தால், கணினியின் குரோமிலேயே பிழைச் செய்தியை வரி எண்ணோடு படிக்கலாம். ஐபோனுக்கு மேக் கணினி தேவைப்படும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் இந்த இரண்டு போன்களில் படிவத்தைத் தமிழில் நிரப்பி அனுப்பிப் பார்த்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும்.

இனி இத்தகைய செயலிகளைத் தங்கள் இதழில் அறிமுகம் செய்யும்போது, எந்தெந்த போன்களில் சோதித்தார்கள் என்பதையும் கேட்டு ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை