தம்பிக்கு: வீட்டைப் பிரிக்கும் முன் கடனைப் பிரி

அன்புள்ள தம்பி,

நேற்று இரவு போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. "அக்கா, என்ன ஆனாலும் வீட்டை மட்டும் விடமாட்டேன்" என்றாய். அடுத்த மூச்சிலேயே, தவணை கட்டியதும் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றும் சொன்னாய். இரண்டு சம்பளத்தை நம்பி வாங்கிய வீடு அது. இப்போது உன் மனைவி பிரிந்து, தனியே வாடகைக்குப் போய்விட்டாள். வாடகையும் பாதித் தவணையும் சேர்ந்து அவளுக்கும் கழுத்துவரை வந்திருக்கும். போனில் உனக்கு ஆறுதல்தான் சொல்ல முடிந்தது, கணக்குச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று உன்னைக் கேட்டுவிட்டுத்தான் பொதுவில் போடுகிறேன்.

என் விவாகரத்து முடிந்த ஏழாவது மாதம் நடந்ததை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வீட்டை அவர் வைத்துக்கொள்வது, மீதித் தவணையையும் அவரே கட்டுவது என்று ஒப்பந்தம் எழுதி, நீதிமன்றமும் அதை ஏற்று உத்தரவு போட்டது. என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் போனில் ஒரு குறுஞ்செய்தி. கணக்கில் போதிய இருப்பு இல்லாததால் தவணை திரும்பிவிட்டது என்று. அடுத்த மாதமும் அதே தேதியில் அதே செய்தி. வங்கிக்கு ஓடினேன். அந்த அதிகாரி தீர்ப்பு நகலை மரியாதையாக வாங்கிப் படித்துவிட்டு, இது உங்கள் இருவருக்கும் இடையே உள்ளது, கடன் ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்து அப்படியே இருக்கிறது என்றார். அவர் சொன்னது சரி. வழக்கில் வங்கி ஒரு தரப்பே கிடையாது. நாங்கள் எங்களுக்குள் எழுதிக்கொண்டது அதை எப்படிக் கட்டுப்படுத்தும்?

இந்த ஒன்றை மட்டும் மனதில் ஏற்றிக்கொள். பத்திரம் வேறு, கடன் வேறு. வீடு யாருடையது என்று பத்திரம் சொல்கிறது. யார் கட்ட வேண்டும் என்று கடன் ஒப்பந்தம் சொல்கிறது. ஒன்றிலிருந்து பெயரை எடுத்தால் மற்றதிலிருந்து தானாகப் போகாது. சேர்ந்து வாங்கிய கடனில் பாதி உனக்கு, பாதி அவளுக்கு என்ற பேச்சும் பொதுவாக இல்லை. முழுத்தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி கேட்கலாம். ஒருவர் தவறினால் இருவருடைய கடன் மதிப்பெண்ணும் (கிரெடிட் ஸ்கோர்) இறங்கும். அன்று என் கையில் வீடு இல்லை, கடன் மட்டும் இருந்தது. உனக்கும் அது வேண்டாம், அவளுக்கும் அது வேண்டாம். அவள் உன்னைவிட்டுப் போனவளாக இருக்கலாம், இந்தக் கடனில் இன்னும் உன் கூட்டாளி.

சரி, வீட்டை நீ வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்போம்.

வீட்டின் இன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள். கடன் பாக்கி 75. தரகு, வரி, கடனை முன்கூட்டி முடிக்கிற கட்டணம் எல்லாம் சேர்ந்து விற்கும் செலவு 5 என்றால், கையில் நிற்பது 20, ஆளுக்கு 10. விற்காமல் நீயே வைத்துக்கொண்டால் அவளுடைய பங்கை நீ கொடுக்க வேண்டும். விற்கவே இல்லையே, செலவை எதற்குக் கழிக்கிறாய் என்று அவள் கேட்பாள். நியாயமான கேள்வி. அப்போது அவள் பங்கு 12.5. ஆக, பழைய 75-ஐயும் இந்த 12.5-ஐயும் சேர்த்து 87.5-க்கு உன் பெயரில் மட்டும் புதுக்கடன் எடுக்க வேண்டும். இரண்டு சம்பளத்தில் மூச்சு வாங்கிய 75-ஐவிடப் பெரிய கடனை ஒரு சம்பளத்தில் சுமக்க வேண்டும். வங்கியும் உன் ஒரு சம்பளத்தை மட்டும் பார்த்துத்தான் தரும். தருமா என்பதை முதலில் கேள். அதற்கு முன் அவளிடம் வாக்குக் கொடுத்துவிடாதே.

அந்த 100 என்பதை யார் சொல்வது என்பதிலும் சண்டை வரும். வாங்குகிறவன் 90 என்பான், கொடுக்கிறவள் 115 என்பாள். சம்பந்தமில்லாத இரண்டு மதிப்பீட்டாளர்களை வைத்து, அவர்கள் சொல்வதன் சராசரியை ஏற்பது என்று விலை தெரிவதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்த பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

"அஞ்சு வருஷமா கட்டிட்டேன் அக்கா, இப்ப எப்படி விடுறது?" என்று கேட்டாய். என்னையும் அதே எண்ணம்தான் பிடித்து வைத்திருந்தது. 9 சதவீத வட்டியில் 20 வருடக் கடன், தொகை 100 என்று எடுத்துக்கொள். 5 வருடத்தில் நீ கட்டியது ஏறக்குறைய 54. அசலில் குறைந்திருப்பது 11 சொச்சம்தான், மீதியெல்லாம் வட்டி. ஆரம்ப வருடத் தவணைகள் அப்படித்தான். போன பணம் அந்த வீட்டில் குடியிருந்ததற்குப் போனது. அதைத் திருப்பி எடுக்கிறேன் என்று அடுத்த 15 வருடத்தை அடகு வைக்காதே.

தவணையைக் குறைக்கக் காலத்தை நீட்டலாமே என்று கேட்பாய். அதே கடனில் மீதி இருக்கிற 15 வருடத்தை 25 ஆக்கினால் மாதத் தவணை 17 சதவீதம் போலத்தான் குறையும். ஆனால் இனி கட்டவேண்டிய மொத்தம் 162-இலிருந்து 223-க்கு ஏறிவிடும். கொஞ்ச காலத்தில் சம்பளம் உயரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அது ஒரு பாலம். இல்லாவிட்டால் வேண்டாம்.

உன் கணக்கு எனக்குத் தெரிந்தவரை, விற்பதுதான் உனக்குச் சரி. இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அந்தப் பால்கனியில் நீ செடி வைத்த அன்று நானும் இருந்தேன்.

விற்பது என்று முடிவானால் அதற்கும் ஒரு தாள் வேண்டும். என்ன விலைக்குப் போடுவது, எத்தனை வாரத்தில் ஆள் வராவிட்டால் எவ்வளவு குறைப்பது, எந்த விலைக்குக் கீழே இருவரும் சேர்ந்து சொன்னால்தான் சரி, அதுவரை தவணையை யார் கட்டுவது, கூடுதலாகக் கட்டியவருக்கு விற்ற பணத்தில் எப்படிக் கழிப்பது. வீட்டு வரி, காப்பீடு, பழுதுச் செலவையும் விடாதே. எங்கள் வீட்டில் குளியலறைக் கூரையில் உள்ளங்கை அளவு ஈரக்கறை இருந்தது. நான் அங்கே இல்லையே என்று நானும், கடனில் உன் பெயரும் இருக்கிறதே என்று அவரும் மாற்றி மாற்றிச் சொன்னோம். பேச்சு முடிவதற்குள் கறை தாம்பாளம் அளவு விரிந்து, சுண்ணாம்பு பெயர்ந்து தரையில் விழத் தொடங்கியது. கடைசியில் வாங்க வந்தவர் முதலில் அண்ணாந்து பார்த்தது அதைத்தான். பழுதுக்கு ஆகியிருக்கும் செலவைப் போலப் பல மடங்கை விலையில் குறைத்தார், நாங்களும் தலையாட்டினோம்.

விலை கடனைவிடக் கீழே விழுந்திருந்தால்? 110 பாக்கி இருக்க, 100-க்குத்தான் போகிறது என்றால், வங்கி சம்மதிக்காமல் விற்கவே முடியாது, அடமானம் அவர்கள் கையில். அப்போது ஒளியாமல் நேரே போய்ப் பேசு. துண்டுவிழும் தொகையைத் தள்ளுபடி செய்கிறார்களா, தனிக்கடனாக மாற்றுகிறார்களா என்பதை எழுத்தில் வாங்கு. "பார்த்துக்கலாம் சார்" என்பது எழுத்து ஆகாது. அந்தத் தொகையை நீங்கள் இருவரும் எப்படிப் பங்கிடுவது என்பதும் அதே சமயத்தில் முடிவாக வேண்டும்.

எதுவாக இருந்தாலும் தவணை தவறுவதற்கு முன் வங்கியிடம் போய்விடு. 90 நாள் பாக்கி விழுந்தால் கடனை வாராக் கடனாகக் கணக்கிடுவது வங்கிகளின் சர்வதேச வழக்கம். அதற்குப் பிறகு உன்னோடு பேசுகிறவர்களே மாறிவிடுவார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைக்காதே. ஏலத்தில் பெரும்பாலும் நாமாக விற்கிற விலை வராது, பல நாடுகளில் மீதிப் பாக்கிக்கும் நம்மையே தேடி வருவார்கள்.

வாடகைக்கு விட்டுவிட்டு நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பேசிக்கொள்ள முடிகிற இருவருக்கு அது நடக்கும். வாடகை தவணையை முழுக்க ஈடுகட்டாது, இடையில் காலியாகவும் கிடக்கும், ஒவ்வொரு குழாய்க்கும் நீங்கள் இருவரும் போனில் பேச வேண்டும். இப்போது நீங்கள் இருக்கிற நிலையில் வேண்டாம்.

பிள்ளைக்காகக் கொஞ்சம் தள்ளிப்போட நினைத்தால் எனக்குப் புரிகிறது. பள்ளி ஆண்டு முடியும்வரை அவன் அதே அறையில் தூங்கட்டும். ஆனால் தேதி போட்டு எழுது. "பையன் பெரியவன் ஆகும்வரை" என்பது தேதி ஆகாது. அந்த இடைவெளியில் ஒருவருக்கு வேலை போகலாம், இன்னொரு கல்யாணம் ஆகலாம், வேறு கடன் கொடுத்தவர் அந்தப் பங்கின்மேல் உரிமை கேட்டு வரலாம். அப்புறம், வீட்டுக்கடனோடு எடுத்த ஆயுள் காப்பீட்டில் நியமனதாரராக யார் பெயர் இருக்கிறது என்றும் பார். என்னுடையதில் இரண்டு வருடம் கழித்தும் அவர் பெயர்தான் இருந்தது.

வங்கியிலிருந்து கடன் பாக்கி விவரத்தையும் முன்கூட்டி முடித்தால் என்ன கட்டணம் என்பதையும் எழுத்தில் வாங்கி வை. அவளிடமும் ஒரு நகல் கொடு, உன் கையாலேயே கொடு. விலை என்ன போகும் என்று வெளியே கேட்க வேண்டாம், மதிப்பீட்டாளர்களை அவளோடு சேர்ந்தே முடிவு செய். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வருகிறேன். உன் சம்பளச் சீட்டையும் எடுத்து வை, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா