அம்மாவுக்கு ட்ரீட்மெண்ட் முடிஞ்சது, எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மார்புப் புற்றுக்கு அம்மா எடுத்துட்டு இருந்த ரேடியேஷன் நேத்தோட முடிஞ்சது. ஒவ்வொருத்தருக்கா போன் போட்டா தொண்டை அடைக்குது, அதான் எழுதுறேன்.

மொதல்ல புளியரைக்கு பிரஷர் பாக்க வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்காவுக்கு. மார்ல கட்டி இருக்குன்னு அம்மா எங்ககிட்ட மூச்சு விடல, உங்ககிட்டதான் சொல்லிருக்காங்க, வலியே இல்லன்னு மழுப்புனவங்கள அன்னைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போனீங்க. ரெண்டாவது ஸ்டேஜ்லயே தெரிஞ்சது உங்களாலதான் அக்கா.

அப்பா விஷயம் ஊருக்கே தெரியும். 2013, வாய்ப்புற்று. வருமானச் சான்றிதழ்ல 84,000 போட்டிருந்துச்சு, அப்ப முதலமைச்சர் காப்பீட்டுக்கு வரம்பு 72,000, கார்டு கிடைக்கல. திருவனந்தபுரம் போக தோப்ப வித்து காசு கைக்கு வரவே நாலு மாசம், அதுக்குள்ள புத்து பரவி கழுத்துல நெறி கட்டிருச்சு. 2022ல அந்த வரம்ப 1,20,000 ஆக்குனதாலதான் இந்த தடவ எங்களுக்கு கார்டு, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். அமெரிக்காவுல 2014லேர்ந்து ஏழைங்களுக்கான மெடிக்கெய்ட் இன்சூரன்ஸ விரிவாக்குன மாநிலங்கள்ல கேன்சர ஆரம்பத்துலயே கண்டுபிடிக்கிறது கூடுச்சுன்னு ஆய்வுகள் சொல்லுது, எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, கார்டு இல்லாததையும் இருந்ததையும் எங்க வீட்லயே பாத்துட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு இ-சேவை கடைய தெறந்து வச்சு பேப்பர ஏத்துன அண்ணாச்சி, ரேஷன் கார்டுலயும் ஆதார்லயும் பேரு ஒத்துவரலன்னு நின்னப்ப கலெக்டர் ஆபீசுக்கு மூணு தடவ போன் போட்டு பேசுன திருநெல்வேலி ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர் தங்கச்சி, உங்களையெல்லாம் மறக்கவே மாட்டோம். மூணாம் நாள் அப்ரூவல் வந்து கீமோ ஆரம்பிச்சாச்சு. 21 நாளுக்கு ஒண்ணு, மொத்தம் எட்டு, பணம் பொரட்டணும்னு ஒண்ணக்கூட தள்ளிப் போடல.

ரத்தம் கொடுக்க ஆரியங்காவுலேர்ந்து வந்த தம்பிங்களா, நீங்க மலையாளத்துல "அம்மே, பேடிக்கண்டா" (பயப்பட வேணாம்)ன்னு சொன்னத அம்மா இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. விடியக்காலை பாசஞ்சருக்கு செங்கோட்டை ஸ்டேஷன்ல கொண்டுவிட்டு ஒரு தடவகூட காசு வாங்காத ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி.

பக்கத்து வீட்டு மைனி, ஏழு மாசமா எங்க பசுவ ரெண்டு வேளையும் கறந்து, பால் காச பைசா குறையாம மஞ்சப்பையில போட்டு அலமாரில வச்சிருந்தீங்க. இன்னைக்கு காலைல அம்மா தலையில துண்டக் கட்டிட்டு தொழுவத்துக்கு போயிட்டாங்க, கைய வலிக்கும் வேணாம்னா கேக்கல, அரை லிட்டர் கறந்துட்டாங்க. அந்தப் பால்ல உங்களுக்கு டீ போடணுமாம், சாயங்காலம் வாங்க மைனி.