மகளுக்கு, அந்தப் பையன் விஷயமாக

மார்த்தாண்டம்,
ஆடி 28

அன்பு மக்களே,

ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "அவள் ஆபீஸ் விஷயத்தில் உங்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்டுவிட்டு உன் அம்மை அன்று இரவு என்னோடு பேசவே இல்லை. போனில் பேசினால் எனக்குக் கோபம் முந்திக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். சத்தம் போட்டதற்கு மன்னித்துக்கொள். சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை.

நான் புரிந்துகொண்டது சரிதானா பார். பெங்களூருவில் உங்கள் கம்பெனிக்கு ஆள் எடுத்தீர்கள். நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி வந்தான். வழக்கு ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் 'உண்டு' என்று அவனே எழுதினான். 2017 டிசம்பரில், ஓக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்த கூட்டத்தில் அவனும் இருந்திருக்கிறான். அப்போது அவனுக்கு வயது 19. பின்னணி விசாரிக்கும் ஏஜென்சி அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளம் போட்டு அனுப்பியது, நீ கோப்பை மூடிவிட்டாய். "பாவமாகத்தான் இருந்தது அப்பா, ஆனால் கம்பெனி விதி" என்றாய்.

அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. ரப்பர் மரங்கள் வேரோடு சாய்ந்து ரோட்டில் கிடந்தன. கரண்டு இல்லை. கடற்கரை ஊர்களில் பெண்கள் படகுகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்கள். மறியலுக்கு நான் போகவில்லை, கடையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். போயிருந்தால் என் பெயரும் அந்த எப்.ஐ.ஆரில் ஏறியிருக்கலாம். அப்போது உன் கம்பெனி என்னை வாட்ச்மேன் வேலைக்குக்கூட எடுத்திருக்காது.

போலீஸ் ஒரு பெயரை எழுதிக்கொள்வது வேறு, நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்வது வேறு. தக்கலையில் வக்கீலாக இருக்கும் உன் சித்தப்பா இதைப் பற்றிக் கேட்டால் ஒரு கணக்கு எடுத்துப்போடுவான். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது உள்ளே இருப்பவர்களிலேயே நாலில் மூன்று பேரை எந்த நீதிபதியும் அந்த வழக்கில் குற்றவாளி என்று சொல்லவில்லை. உங்கள் ஏஜென்சியின் சிவப்பு அடையாளத்துக்கு மட்டும் இந்த வித்தியாசம் தெரியாது.

ஆனால் அந்தப் பையன் நிரபராதி, அதனால் அவனுக்கு வேலை கொடு என்று சொல்வதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. அது சுலபமான பேச்சு. தண்டனையே அனுபவித்து வந்தவனை என்ன செய்வது? அதற்கு நம் கடையிலேயே ஆள் இருக்கிறான்.

நம் சிப்ஸ் மாமாவைத்தான் சொல்கிறேன். அவன் ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்பது உனக்குத் தெரியும், என்ன வழக்கு என்று நீ கேட்டதில்லை. 22 வயதில் கோவில் திருவிழாவில் ஒரு தகராறு. கம்பால் அடித்ததில் எதிராளியின் கை எலும்பு நொறுங்கிவிட்டது, அந்தக் கை பிறகு சரியாகவே இல்லை. வழக்கு ஆறு வருடம் இழுத்தது. பிறகு பாளையங்கோட்டை மத்திய சிறையில் மூன்று வருடம். அங்கே சமையல்கட்டில் வேலை பார்த்திருக்கிறான். 2009இல், நீ எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, நம் கடை வாசலில் வந்து நின்றான். வந்ததும் ஜெயிலைப் பற்றித்தான் முதலில் சொன்னான், அதற்குப் பிறகுதான் வேலை கேட்டான். நான் தயங்கினேன். "பெரிய சட்டியில் சமைத்துப் பழகியவன் என்கிறான், ஒரு நாள் நிறுத்திப் பாருங்கள்" என்றது உன் அம்மைதான்.

எண்ணெய்ச் சட்டி வேலை எப்படிப்பட்டது என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். ஏத்தங்காயைத் தோலுரித்து, மஞ்சள் தண்ணீரில் போட்டு எடுத்து, கொதிக்கிற தேங்காய் எண்ணெய்க்கு நேர் மேலே பிடித்துச் சீவ வேண்டும். பாதி வெந்ததும் உப்புத் தண்ணீரை எண்ணெயிலேயே ஊற்ற வேண்டும். சட்டி முழுக்கப் பொங்கி இரையும், புதிதாக வந்தவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவான். இவன் நகரவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றான். இரைச்சல் அடங்கி, சலசலவென்று காய்ந்த ஓலைச் சத்தம் வந்ததும் ஒரே அள்ளாக அள்ளினான். ஒரு துண்டு கருகவில்லை. முன்கோபத்தில் ஒருவன் கையை உடைத்தவன் இவன்தானா என்று அன்று நினைத்தேன். பதினாறு வருடமாக அந்த இடத்தில் அவன்தான் நிற்கிறான். கடையில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, என் குரல்தான் உயரும்.

எல்லாரும் இப்படி அமையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவனைப் பார்த்த தைரியத்தில், சிறையிலிருந்து வந்த இன்னொருவனைக் கடைகளுக்குச் சரக்கு போட்டுப் பணம் வசூலிக்கும் வேலையில் வைத்தேன். ஐந்தாவது மாதம் வசூல் பணத்தோடு போனவன் போனவன்தான். அவன் மேல் இருந்ததும் பண மோசடி வழக்கு, குடியும் இருந்தது. இரண்டும் தெரிந்தே கையில் பணத்தைக் கொடுத்தேன். அவனைப் பொட்டலம் போட நிறுத்தியிருக்கலாம். தப்பில் பாதி என்னுடையது என்றால் உன் அம்மை முக்கால் என்பாள்.

அதனால் யார் வந்தாலும் எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளிடம் தவறாக நடந்து தண்டனை பெற்றவனைப் பள்ளி வேன் ஓட்ட விடச் சொன்னால் ரோட்டில் படுத்து மறிப்பேன். ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவனை வங்கியில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பத்தாவது பிரிவே சொல்கிறது, அதுவும் நியாயம்தான். என்ன குற்றம், எந்த வயதில், அதற்குப் பிறகு என்ன செய்துகொண்டிருந்தான், நாம் கொடுக்கும் வேலைக்கும் அந்தக் குற்றத்துக்கும் தொடர்பு உண்டா? நான் சிப்ஸ் கடைக்காரன், எனக்கே இவ்வளவு கேட்கத் தோன்றுகிறது. ஆள் எடுப்பதையே படிப்பாகப் படித்த நீங்கள் உண்டா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

உச்ச நீதிமன்றம்கூட அப்படி நிறுத்தவில்லை என்கிறான் உன் சித்தப்பா. டில்லி போலீஸ் வேலைக்கு மனு போட்ட ஒருவன், சின்ன வயதில் தன் மேல் இருந்த அடிதடி வழக்கை மறைத்துவிட்டான். 2011இல் அவன் வழக்கு அங்கே போனபோது, இளம் வயதுச் சறுக்கலுக்காக ஆயுள் முழுக்கக் குற்றவாளி முத்திரை குத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மறைத்தவனுக்கே அந்தத் தயவு! உடனே சித்தப்பா எதிர்ப்பக்கமும் பேசினான், வக்கீல் அல்லவா. 2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள், ஒருவன் உண்மையைச் சொன்னாலும் அவன் பின்னணியை எடைபோடும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு, கட்டாயப்படுத்த முடியாது என்றார்களாம். சரி, சட்டம் உன் கையைக் கட்டவில்லை. எடைபோடத்தான் சொல்கிறது. நீ தராசை எடுக்கவே இல்லையே.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் பையன் உண்மையை எழுதினான். எழுதியதற்குக் கிடைத்தது இது. அடுத்த கம்பெனியின் படிவத்தில் அவன் என்ன எழுதுவான் என்று நினைக்கிறாய்?

நேற்று இரவு கடை சாத்தும்போது சிப்ஸ் மாமாவிடம், "மகளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், உன் கதையை எழுதட்டுமா?" என்று கேட்டேன். சட்டியைத் துடைத்துக்கொண்டே, "எழுதுங்கள் அண்ணாச்சி. கல்லாச் சங்கதியையும் சேர்த்து எழுதுங்கள்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அதையும் எழுதிவிடுகிறேன். முதல் பத்து வருடம் அவனை நான் கல்லாவில் உட்கார விட்டதில்லை. மதியம் சாப்பிடப் போனால், நேற்று வந்த பையனை உட்கார வைத்துவிட்டுப் போவேன். இவன் வழக்கு அடிதடி, பணம் சம்பந்தப்பட்டதே அல்ல. ஆனாலும் கை வரவில்லை. அவன் கேட்டதும் இல்லை. 2019 வாக்கில் சரக்கு விஷயமாகத் திருநெல்வேலி போனபோது, பாளையங்கோட்டையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். பெட்ரோல் போட்டவர் கைதி. பணத்தை வாங்கி எண்ணி, மீதிச் சில்லறையும் அவரே கொடுத்தார். தண்டனையில் இருக்கிறவனை நம்பி அரசாங்கம் பணம் வாங்கச் சொல்கிறது, தண்டனை முடிந்து எத்தனையோ வருடம் ஆனவனை நான் நம்பவில்லை. வள்ளியூர் தாண்டும் வரை காரில் யாரோடும் பேசவில்லை. மறுநாள் மதியம் கல்லாச் சாவியை அவனிடம் நீட்டினேன். "கையெல்லாம் எண்ணெய், கழுவிவிட்டு வருகிறேன்" என்று சொல்லிப் போனவன் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

உன் மேலதிகாரி என்ன சொல்வாரோ எனக்குத் தெரியாது. விதியை மாற்றும் அதிகாரம் உனக்கு இல்லாமல் இருக்கலாம். அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்து, அவனைக் கூப்பிட்டு, ஒரு பத்து நிமிடம் கேட்கும் அதிகாரம் உனக்கு உண்டு. அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தால், ஏன் வேண்டாம் என்றோம் என்றாவது அவனுக்குச் சொல். காரணம் சொல்லாமல் அனுப்புவது போல ஒரு அவமரியாதை கிடையாது.

ஓணத்துக்கு ஆர்டர் வந்து குவிகிறது, கேரளத்துக்காரர்கள் இந்த முறை முன்கூட்டியே கேட்கிறார்கள். ஏத்தங்காய் விலைதான் கையைக் கடிக்கிறது. உனக்கு இரண்டு கிலோ வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், சனிக்கிழமை காலையில் போய் வாங்கிக்கொள். போன தடவை உப்பு கூடுதல் என்று நீ சொன்னதை மாமாவிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
அப்பா