மீனாட்சிபுரத்துக் கம்பிக் கதவு லிஃப்ட்

நாகர்கோவில்

அன்புள்ள கூட்டுக்காரா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டுவலி குறைந்திருக்கிறது என்று வாசித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். ஐப்பசி மழை இந்த முறை நன்றாகப் பிடித்துக்கொண்டது, பழையாறு நிறைந்து ஓடுகிறது. கரண்ட்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மீனாட்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் நாலு மாடி லாட்ஜ் ஒன்று உண்டே, காலேஜில் படிக்கும்போது லிஃப்டில் ஏறுவதற்கென்றே போய் ஏச்சு வாங்கினோமே, அந்த லிஃப்ட் இன்னும் ஓடுகிறது! வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போனவன், அவரை மறந்துவிட்டு அதிலேயே மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன்.

அதே மடக்குக் கம்பிக் கதவு. பித்தளைக் கைப்பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. உள்ளே சுவரெல்லாம் மரப்பலகை. ஒரு பக்கம் மட்டும் பிற்காலத்தில் நம்மூர் ஆசாரி அயனியில் செய்து பொருத்தியது. நிறம் கொஞ்சம் வேறு, ஆனால் இணைப்பில் நகம் நுழையாது. பொத்தான்கள் பேக்லைட் என்ற அந்தக் காலத்துக் கறுப்புப் பிளாஸ்டிக். தகட்டில் ‘6 பேர், 408 கிலோ’ என்று பொறித்திருக்கிறது. ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு வைப்பது வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு அழைப்புக்குத்தான் செவி கொடுக்கும். போய்க்கொண்டிருக்கும்போது வேறு மாடியில் யார் அழுத்தினாலும் பலனில்லை, நின்ற பிறகு மறுபடியும் அழுத்த வேண்டும்.

புது லிஃப்டில் கதவு மூடியதும் எண் மாறுவதைத்தான் பார்க்கிறோம். இதில் பயணமே கண்ணுக்குத் தெரிகிறது. தளத்தின் கனம் கண் முன்னால் இறங்கிப் போகிறது, அடுத்த மாடியில் காத்திருப்பவரின் கால் முதலில் தெரிகிறது, பிறகு முழு ஆளும். பாதி வழியில், நாம் நிற்கும் கூண்டுக்கு ஈடாக மறு பக்கம் தொங்கும் எதிர் எடை பக்கத்து வலைக்கு அப்பால் கடகடவென்று இறங்குகிறது. அந்த ஒரு கணத்துக்காகவே மறுபடியும் மறுபடியும் ஏறினேன்.

என் ஆசையைப் பார்த்துவிட்டு, லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மொட்டை மாடியில் இருக்கும் மெஷின் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்ன சுத்தம் தெரியுமா! மோட்டார், எண்ணெயில் முங்கிச் சுழலும் பல்சக்கரம், பள்ளம் வெட்டிய பெரிய கப்பி, அதன்மேல் வரிசையாக இரும்பு வடங்கள். ஒரு முனையில் கூண்டு, மறு முனையில் எதிர் எடை. நம் பழைய துலாக் கிணற்றில் வாலில் கல் கட்டியிருப்பார்களே, அதே தத்துவம். கூண்டின் எடையோடு, அது தூக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்து எதிர் எடையை அமைக்கிறார்கள். அதனால் மூன்று பேர் ஏறினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், மோட்டாருக்கு அதிகம் வேலையில்லை.

நான் இறங்கி வரும்போது கரண்ட் போய்விட்டது. இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கினேன். ஆனால் பயம் வரவில்லை, காரணத்தை மேலேயே பார்த்துவிட்டேனே. பிரேக்கை இறுக்குவது ஸ்பிரிங். மின்சாரத்தின் வேலை அதை விடுவிப்பது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தானாகப் பிடித்துக்கொள்ளும். பெரியவர் மேலே போய் பிரேக்கைக் கையால் தளர்த்தி, ஆள் துணையோடு சக்கரத்தைச் சுற்றினார். கீழே இறக்குவார் என்று நினைத்திருந்தேன், கூண்டு மேலே போயிற்று. உள்ளே நான் ஒருவன்தான், எதிர் எடைப் பக்கம்தான் பாரம். மேலே ஏற்றுவதுதான் அவர்களுக்குச் சுலபம்.

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்பார்கள். எலிஷா ஓட்டிஸ் என்ற அமெரிக்கர் அதற்கு 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில், திரண்டிருந்த கூட்டத்தின் முன் பதில் சொன்னார். பாரம் தூக்கும் மேடையில் தானே ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கயிற்றின் இழுவிசை போனதும் ஸ்பிரிங் விரிந்து, இரு பக்கத் தண்டவாளப் பற்களில் மாட்டிக்கொள்ளும்படி அவர் அமைத்திருந்தார். கயிற்றை நம்பாமல், கயிறு அறும் என்றே வைத்துக்கொண்டு யோசித்த அந்த மூளையை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. மூன்று வருஷம் கழித்து அதே ஊரில் ஐந்து மாடிக் கடை ஒன்றில் ஆட்களுக்கான லிஃப்டை வைத்தார். நம் நாட்டில் கல்கத்தா ராஜ்பவனுக்கு 1892இல் லிஃப்ட் வந்தது. மீனாட்சிபுரத்து மெஷின் ரூமின் மூலையில் கவர்னர் என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கூண்டு அளவுக்கு மீறி வேகம் எடுத்தால் அது பூட்டிக்கொண்டு ஒரு கம்பியை இழுக்கும், கூண்டுக்கு அடியிலுள்ள ஆப்புகள் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். எல்லாம் அந்த ஒரு யோசனையின் வாரிசுதான்.

நம்மூர் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே தங்காது. இதைக் காப்பாற்றியது, தினமும் துடைத்து எண்ணெய் போடும் ஒரு கை. ஓடாமல் மூடி வைத்திருந்தால் எப்போதோ துருப்பிடித்துப் போயிருக்கும்.

இப்போது முதலாளியின் மகன் இதை எடுத்துவிட்டு ஸ்டீல் லிஃப்ட் போடலாம் என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. கம்பிக் கதவில் பிள்ளைகளின் கை சிக்கினால் என்ன ஆகும்? அப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. அவரோடு உட்கார்ந்து பேசினேன். கூண்டும் மெஷினும் இருக்கட்டும், கம்பி இடைவெளியில் கை நுழையாதபடி உள்பக்கம் தடுப்பு அமைப்போம், கதவு சரியாக மூடாவிட்டால் ஓடவே கூடாது என்ற பூட்டைப் புதிதாக மாற்றுவோம், வடங்களைச் சோதிப்போம், மின் ஆய்வாளரிடம் காட்டி முறைப்படி ஒப்புதல் வாங்குவோம் என்றேன். பாதுகாப்பில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்காமல் பழசை வைத்திருக்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் பாதி இளகிவிட்டார் போலத்தான் இருந்தது.

அப்புறம் உன்னிடம் ஒரு உதவி. லிஃப்டை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் இரண்டு ரிலேக்களின், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளின், தொடுமுனைகள் கருகித் தேய்ந்திருக்கின்றன, அந்த மாதிரி இங்கே கிடைக்கவில்லை. மும்பையில் பழைய கட்டடங்களில் இன்னும் இந்த வகை ஓடுகிறதே. லோஹார் சால் மின்சாமான் கடைகளில் விசாரித்துப் பார். அளவும் படமும் தனித்தாளில் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். கிடைத்தால் நாலைந்து செட்டாக வாங்கிவிடு, பணம் உடனே அனுப்புகிறேன். கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கு வருவதாகத்தானே இருக்கிறாய்? தேருக்கு முன்னால் வந்தால் கையோடு கொண்டு வா, பெரியவரிடம் நேரிலேயே கொடுத்துவிடலாம்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டுக்காரன்